அத்தையை அசிஸ்டட் லிவிங்கில் சேர்த்த பிறகு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கும்பகோணம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதைத் தாண்டிய பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். ஆனாலும் தனியாக இருக்க முடியாத நிலை வந்துவிட்டது. அண்ணன் கோவையில் இருப்பதால், நகரத்துக்குச் சற்று வெளியே உள்ள ஒரு அசிஸ்டட் லிவிங் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். நான் சென்னையில் இருக்கிறேன், சித்தப்பா மகன் சிங்கப்பூரில். நாங்கள் மூவரும் சேர்ந்துதான் அவரைப் பார்த்துக்கொள்கிறோம்.

சொந்தக்காரர்கள், அத்தையுடன் வேலை பார்த்த டீச்சர்கள், இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நிற்கும் நண்பர்கள் என்று பலர் போன் செய்து கேட்பார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நாங்கள் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அசிஸ்டட் லிவிங் என்றால் முதியோர் இல்லம்தானே?

முழுக்க இல்லை. கோவையில் வடவள்ளி, துடியலூர், தொண்டாமுத்தூர் பக்கம் போனால் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகள் நிறைய உண்டு. அங்கே வீடு வாங்கியோ வாடகைக்கோ குடியிருப்பார்கள். சாப்பாடும் வீட்டைச் சுத்தம் செய்வதும் நிர்வாகத்தின் பொறுப்பு, மற்றபடி அவரவர் வேலையை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அசிஸ்டட் லிவிங்கில் குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, மாத்திரை கொடுப்பது வரை ஆள் உதவி செய்வார்கள். முழுக்கப் படுக்கையில் இருப்பவர்கள், மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டவர்கள் என்றால் நர்சிங் கேர் வேண்டும், அது இதற்கு அடுத்த படி. இந்தப் பெயர்களை ஒவ்வொரு இல்லமும் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த அளவு உதவி தேவை என்று கணக்கிட, முதியோர் மருத்துவர்கள் 1963-இல் காட்ஸ் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோலை இன்றும் வைத்திருக்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தைக் கட்டுப்படுத்துவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். இதில் எதையெல்லாம் துணையில்லாமல் செய்கிறார் என்று வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அத்தைக்கு முதல் நான்கிலும் உதவி வேண்டியிருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் இல்லங்களுடன் பேசினோம்.

வீட்டில் ஆள் வைத்துப் பார்த்திருக்கலாமே?

பார்த்தோம். ஏஜென்சி மூலம் வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் அடுத்தவர் வரும்வரை வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். கும்பகோணத்தில் எங்களில் யாருமே இல்லை. வீட்டிலேயே மகனோ மருமகளோ இருந்து, மேற்பார்வை பார்க்க முடிந்தால், வீடுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பேன். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சைக்கும் ஆள் வருவார்கள். அதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

உண்மையைச் சொன்னோம். "ஒரு வாரம் இருந்துட்டு வரலாம் அத்தை" என்று சொல்லிக் கூட்டிப் போய் விட்டுவிட்டு வரும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. நாற்பது வருஷம் வகுப்பறையை ஆண்டவரிடம் பொய் சொல்லி எங்கேயோ விட்டுவிட்டு வந்தால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். அப்போது அத்தைக்கு நினைவு நன்றாகவே இருந்தது. அவரையே இரண்டு இல்லங்களுக்குக் கூட்டிப் போனோம். ஒன்றில் டிவி சத்தம் அதிகம் என்று வேண்டாம் என்றார். இன்னொன்றில் சில நாள் தங்கிப் பார்த்தார், அதற்கு அங்கே ஏற்பாடு இருந்தது. தங்கிவிட்டு அவர் போட்ட நிபந்தனைகள்: தன் கட்டில், தன் பீரோ, சுவாமி படங்கள், காபிக்குத் தன் டபரா செட். நான்கையும் கொண்டுபோனோம்.

நினைவு நன்றாக இருக்கும்போதே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். பிறகு அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டி வரும்போது, அவர் என்ன விரும்புவார் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

இல்லத்தைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் தடவை காலையில், சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த தடவை இரவு எட்டு மணி வாக்கில் போங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மேனேஜர் இருப்பார், சிஸ்டர் இருப்பார், பிசியோ இருப்பார். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வயதானவர்கள் பலர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது விழுகிறார்கள். அப்போது மாடிக்கு ஒருவராவது விழித்திருக்கிறாரா, அல்லது கீழே ஒருவர் படுத்துத் தூங்குகிறாரா என்று பாருங்கள்.

அழைப்பு மணியை நீங்களே அழுத்திப் பாருங்கள். யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்பது நேரிலேயே தெரிந்துவிடும். அண்ணன் ஒரு இடத்தில் அழுத்தினார், மணியே அடிக்கவில்லை. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி கமோடுக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? தரை ஈரத்தில் வழுக்குமா? படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? இந்தத் தண்ணீரை நான் எப்போதும் பார்ப்பேன். மூலையில் மேஜைமேல் நிறைந்த டம்ளர் இருந்தால் யாரும் குடிக்கவில்லை என்று அர்த்தம். அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் விரல் நகங்களையும் காதோரத்தையும் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தால் குளிப்பாட்டுகிறவர் அவசரப்படவில்லை என்று நம்பலாம்.

அப்புறம், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இல்லத்தைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் யாருடையது, கூடப் போவது யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர், அறைக்கு அறை மாறும் என்பதால் தொகையைச் சொல்வதில் பயனில்லை. எந்தெந்தத் தலைப்பில் பணம் போகும் என்று சொல்கிறேன். சேரும்போது டெபாசிட், மாதக் கட்டணம், அதற்கு மேல் எக்ஸ்ட்ரா. இந்த எக்ஸ்ட்ராவில்தான் கணக்கு எகிறும்: டயபர், கையுறை, மாத்திரை, பிசியோ, ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரிக்கு உடன் வரும் ஆள், தனி உதவியாளர். உதவியின் அளவு கூடினால் மாதக் கட்டணமும் கூடும். எந்த நிலைக்கு எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும், எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்து வாங்குங்கள்.

வருமான வரிச் சட்டப்படி பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்து, ஒருவருக்கு மாதக் கட்டணம் 25,000 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், இல்லத்தின் கட்டணத்துக்கு உதவாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டம், 70 வயது நிறைந்த எல்லாருக்கும் வருமான வரம்பில்லாமல் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று 2024 அக்டோபரில் விரிவானது. அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான்.

உதவியாளர்கள் பாசமாகப் பார்த்துக்கொள்கிறார்களா?

வேலை கடினம், சம்பளம் குறைவு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அத்தை இருக்கும் இடத்தில் தென்மாவட்டப் பெண்களும் இருக்கிறார்கள், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அன்பில் குறையில்லை. சிக்கல் மொழியில்தான். "முதுகு அரிக்குது", "தொண்டையில நிக்குது" என்று அத்தை சொல்வது புரியாமல் போனால் உதவி தாமதமாகும். அதனால் ஒரு அட்டையில் வலி, தண்ணீர், பாத்ரூம், குளிர், மூச்சு என்று படத்தோடு தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கட்டிலில் மாட்டினோம். சில மாதங்களில் அந்தப் பெண்களுக்குத் தமிழ் வந்துவிட்டது. அதில் ஒரு பெண் இப்போது அத்தையை "டீச்சரம்மா" என்கிறாள், வீட்டுக்கு அனுப்பும் பணக் கணக்கை அவரிடம்தான் சரிபார்க்கிறாள்.

ஒவ்வொருவர் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள், போனவுடன் பெயர் சொல்லி விசாரியுங்கள். தனியாகப் பணம் கொடுப்பதை எங்கள் இல்லம் அனுமதிப்பதில்லை, அது நல்ல விதி. கொடுக்க ஆரம்பித்தால் கொடுக்காதவரின் அம்மாவுக்குக் கவனிப்பு குறைந்துவிடும். பொங்கலுக்கு எல்லாருக்கும் சமமாக ஏதாவது வாங்கி மேனேஜர் மூலம் கொடுக்கிறோம்.

அங்கே அவருடைய நாள் எப்படிப் போகிறது?

முதலில் மனத்தாங்கலாகவே போனது. காரணம் குளியல். இரவுப் பணியாளர்கள் கிளம்பும் முன் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே எழுப்பி வரிசையாகக் குளிக்க வைத்தார்கள். அத்தை வாழ்நாள் முழுக்கக் காபி குடித்து, பேப்பர் படித்து, அப்புறம்தான் குளிப்பவர். விடிவதற்கு முன் உடம்பில் தண்ணீர் பட்டதும் கத்தினார், கையைத் தட்டிவிட்டார். "ஒத்துழைப்பதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது.

அண்ணன் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசினார். குளியலைப் பத்து மணிக்கு மாற்றுங்கள், பகல் பணியாளர் செய்யட்டும் என்றார். முதலில் முடியாது என்றார்கள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் முழுக் குளியல், மற்ற நாள் ஈரத்துணியால் துடைப்பது என்று பேசி முடித்தோம். மாத்திரைப் பேச்சு அத்தோடு நின்றது. இல்லத்தின் வசதிக்காக உள்ள ஒரு பழக்கம், நம் ஆளின் குணக்கேடாகப் பதிவாகிவிடும். அவரைத் தெரிந்த ஒருவர் அங்கே போய்ச் சொல்லாதவரை அது மாறாது. சேர்த்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

திடீரென்று குழப்பமாகப் பேசுகிறார். மறதி நோய் முற்றிவிட்டதா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால், முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, தண்ணீர் குறைவு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் வராமலே இருக்கலாம், குழப்பம் மட்டும் வரலாம்.

அத்தைக்கு இப்படித்தான் ஆனது. செவ்வாய்க்கிழமை வரை நன்றாகப் பேசியவர், வியாழன் அன்று "அம்மா ஜன்னல்கிட்ட நிக்கறாங்க, உள்ளே கூப்பிடு" என்றார். என் பாட்டி இறந்து பல வருஷம். வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று அங்கே சொன்னார்கள். சிறுநீரும் ரத்தமும் பரிசோதிக்க வேண்டும் என்று நாங்கள் விடாமல் கேட்டோம். தொற்று இருந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தண்ணீர் சரியாகக் கொடுத்ததும் சில நாளில் தெளிந்துவிட்டார்.

அதன் பிறகு மெல்ல மறதியும் வந்தது என்பது உண்மை. அந்தி சாயும் நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்பார். இதுதான் வீடு என்று வாதாடினால் பதற்றம் கூடுகிறது. எந்த வீடு, திண்ணையில் யார் இருப்பார்கள் என்று கேட்டால் பேசிக்கொண்டே அமைதியாகிறார். சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பில் மறதி நோய்க்கென்று உள்ள டெம்கேர்ஸ் பிரிவும், கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024-இல் தொடங்கிய தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கின்றன. சரியாகப் பரிசோதிக்காமல் மறதி நோய் என்ற முத்திரையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

புகார் சொன்னால் கோபத்தை அவர்மேல் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் உள்ள பயம்தான். ஆனால் பேசாமல் இருப்பதில் ஆபத்து அதிகம். ஒருநாள் நான் போனபோது அத்தையின் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். இடது குதிகால் ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருந்தது, அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப் புண் தொடங்கும் அடையாளம் அது. காய்ச்சலில் சில நாள் படுத்தபடியே இருந்திருக்கிறார், புரட்டிப் படுக்க வைக்கவில்லை. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்பது பொதுவான விதி.

உதவியாளரிடம் சத்தம் போடவில்லை. படம் எடுத்து, தேதி போட்டு, மேனேஜருக்கு எழுதினோம். "கவனம் போதவில்லை" என்று பொதுவாக எழுதாமல், குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும், பக்கம் மாற்றிய நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும் என்று மூன்று காரியம் கேட்டோம். மூன்றும் நடந்தது, புண்ணாக மாறும் முன் ஆறியது. இப்போது போகும்போதெல்லாம் குதிகால், இடுப்பின் அடிப்பகுதி, முழங்கை, காது பின்புறம் நான்கையும் பார்க்கிறோம். இல்லத்தில் பேசியும் பயனில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, மாவட்டச் சமூக நல அலுவலகமும் இருக்கிறது. அடித்த தடம், கட்டிப்போட்ட தடம் கண்டால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆளை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

பென்ஷன், கையெழுத்து, சொத்து விஷயங்கள்?

ஆண்டு நேர்காணலுக்குக் கருவூலம் வரை அலைய வேண்டாம். தபால்காரரே இல்லத்துக்கு வந்து கைரேகையில் டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துத் தருகிறார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுத்து பவர் ஆஃப் அட்டர்னி எழுதியவர் மனத்தெளிவை இழந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எந்த நேரத்துக்காக எழுதினோமோ அந்த நேரத்தில் அது கைகொடுக்காது. அதனால் தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றினோம். உயிலைப் பதிவு செய்தார். கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று அத்தை தன் விருப்பத்தையும் எழுதி வைத்தார். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும்.

குழந்தையில்லாதவர்களுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்பார்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது: அவருடைய சொத்தை அனுபவிக்கும், அல்லது அவருக்குப் பின் சொத்து யாருக்குப் போகுமோ அந்த வாரிசு. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 23-ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லையென்றால் வழக்கு இழுக்கும்.

ஊரில் என்ன பேசுகிறார்கள்?

பேசினார்கள். அவர்களில் ராத்திரி இரண்டு மணிக்கு அத்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக வந்தவர் யாருமில்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் நேரம் ஒதுக்குவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பணம் அனுப்புவதோடு, ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தம்பி பில்களைச் சரிபார்க்கிறான், மாத்திரைப் பட்டியலைப் புதுப்பித்து எல்லாருக்கும் அனுப்புகிறான், இன்சூரன்ஸ்காரர்களுடன் பேசுகிறான். அண்ணனுக்கு அதில் பாதிப் பாரம் குறைகிறது. வீடியோ அழைப்பைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். அந்தி சாயும் நேரத்தில் அவர்கள் களைத்துப்போய் இருப்பார்கள். "என்னைத் தெரியுதா, யார் சொல்லுங்க?" என்று பரீட்சை வைக்காதீர்கள், நீங்களே பெயரைச் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கலாமா?

தாராளமாக. மாலை நான்கு மணிக் காபிக்குப் பிறகு நல்ல நேரம். கணக்கு நோட்டு எடுத்து வாருங்கள், வாய்ப்பாடு இன்னும் தடுமாறாமல் சொல்கிறார். இனிப்பு கொண்டுவந்தால் அறையில் வைக்காமல் சிஸ்டரிடம் கொடுங்கள், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் அந்த வாரம் வேண்டாம். பக்கத்து அறைகளில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.